புகை எங்கே போனது?

விறகு அடுப்பு மூட்டிப் பழகியவர்கள் எல்லோரும் பார்த்திருக்கும் வேடிக்கை இது. சுள்ளியைப் பற்றவைத்து மேலே இரண்டு கட்டையை வைத்ததும் வெள்ளைப் புகை குமுறிக்கொண்டு எழும். கண் எரியும், இருமல் வரும். ஊதாங்குழலை எடுத்துத் தம் பிடித்து நாலு ஊது ஊதினால் குபீரென்று தீ பிடிக்கும். அந்த நொடியே புகை காணாமல் போகும். தீ அடங்கினால் புகை மறுபடி வரும். ஊதினால் மறுபடி மறையும்.

ஊதியது வெறும் காற்று. அந்தக் காற்று புகையைத் தள்ளிக்கொண்டு போயிருந்தால் அடுப்பங்கரையின் எதிர் மூலையிலாவது அது தெரிய வேண்டும். அங்கும் இல்லை. அவ்வளவு புகையும் எங்கே போனது?

எரிந்துவிட்டது. புகை என்றால் தீ தின்றுவிட்டுத் துப்பிய கழிவு என்றே நினைத்துப் பழகிவிட்டோம். அதில் பெரும்பகுதி தீ இன்னும் தொடாத விறகு. சந்தேகம் இருந்தால் ஒரு மெழுகுவர்த்தியை ஏற்றி, சற்று நேரம் எரியவிட்டு, மெல்ல ஊதி அணையுங்கள். திரியிலிருந்து வெள்ளை இழை ஒன்று மேலே எழும். எரியும் தீக்குச்சியைத் திரியில் வைக்காமல், ஓர் அங்குலம் மேலே அந்த இழையில் காட்டுங்கள். தீ இழை வழியாகவே இறங்கிவந்து திரியைப் பற்றிக்கொள்ளும். மைக்கேல் ஃபாரடே 1860ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் விடுமுறையில் லண்டனில் சிறுவர்களுக்காக நடத்திய சொற்பொழிவில் இதைத்தான் செய்து காட்டினார்.

இந்த ஒன்றைப் பிடித்துக்கொண்டால் போதும். எந்த அடுப்பு நல்லது, எது பேருக்கு 'புகையில்லா அடுப்பு' என்பதை விற்பவரின் வாய்ச்சொல்லை நம்பாமல் நாமே பார்த்துச் சொல்லிவிடலாம்.

கட்டைக்குள் நடப்பது

தீயில் வைத்த கட்டை எடுத்த எடுப்பில் எரிவதில்லை. முதலில் அதன் ஈரம் போக வேண்டும். வெட்டுமுனையில் நுரை தள்ளி 'ஸ்ஸ்' என்று சீறுகிறதே, அது உள்ளிருந்து வெளியேறும் நீராவி. ஈரம் இருக்கும்வரை அந்த இடத்தின் சூடு 100 டிகிரி செல்சியஸைத் தாண்டாது.

ஈரம் போன பிறகு சூடு ஏறும். 200 டிகிரியைக் கடந்ததும் மரமே சிதையத் தொடங்கி வாயுக்களாகவும் தார்த் துளிகளாகவும் வெளியேறும். இந்தக் கலவையை 'விறகுவாயு' என்று அழைப்போம். காய்ந்த விறகின் எடையில் முக்கால் பங்குக்குக் குறையாமல் இப்படிக் கிளம்பிவிடும். தீ நாக்கு கட்டையோடு ஒட்டாமல் கொஞ்சம் தள்ளி நின்று ஆடுவதைக் கவனித்திருப்பீர்கள். அங்கே எரிவது விறகுவாயு. பற்றிக்கொள்ளாமல் தப்பிய விறகுவாயு குளிர்ந்து துளிகளாகத் திரண்டால் அதுதான் கண்ணைக் கரிக்கும் வெள்ளைப் புகை.

வாயு போனபின் மிஞ்சுவது கரி. அது நாக்கு விடாமல் தணலாகக் கனியும். புகை இருக்காது. புகை இல்லாததால் தீங்கும் இல்லை என்று பொருள் கொள்ளக் கூடாது. தணலிலிருந்து கார்பன் மோனாக்சைடு வருகிறது. அதற்கு நிறமும் கிடையாது, வாசனையும் கிடையாது. ஊட்டியிலும் கொடைக்கானலிலும் குளிருக்குப் பயந்து அறைக்குள் கரி அடுப்பை வைத்துக் கதவைச் சாத்திப் படுத்தவர்கள் காலையில் எழாமல் போன செய்திகள் அவ்வப்போது வருவது இதனால்தான்.

சூடு, காற்று, இடம்

விறகுவாயு மிச்சமின்றி எரிய மூன்று வேண்டும். 600 டிகிரிக்குக் குறையாத சூடு. வாயுவோடு நன்றாகக் கலக்கும் காற்று. எரிந்து முடிக்க அவகாசம். அதாவது, குளிர்ந்த பொருள் எதிலும் மோதாமல் தீ நாக்கு நீளுவதற்கான இடம்.

ஊதாங்குழல் முதல் இரண்டையும் தந்துவிடுகிறது. கங்கைச் சிவக்க வைத்துச் சூட்டைக் கூட்டுகிறது. காற்றை உள்ளே சுழற்றிக் கலக்குகிறது. மூன்றாவதை அது தர முடியாது, அடுப்பின் அமைப்புதான் தர வேண்டும். தண்ணீர் நிரம்பிய பானையின் அடிப்புறம், கீழே எவ்வளவு தீ எரிந்தாலும், 100 டிகிரியை அதிகம் தாண்டாது. நமக்கு அது கொதிக்கும் பானை. தீ நாக்குக்கோ குளிர்ந்த சுவர். எரிந்து முடிக்காத நாக்கு அதில் பட்டால் அந்த இடத்திலேயே அணைகிறது, கரியைப் பானையில் அப்பிவிட்டுப் போகிறது. ஆகவே பானையின் அடிக்கரி ஓர் அளவுகோல். வாரம் ஒருமுறை துலக்கும் பானையில் மெல்லிய கறுப்பு படிந்தால் அடுப்பு பரவாயில்லை. சுரண்டினால் செதில் செதிலாக வந்தால், அதே கரி மூச்சுக்குள்ளும் போய்க்கொண்டிருக்கிறது.

மூன்று கல் அடுப்பில் இன்னொரு சிக்கல்: காற்று தேவைக்கு மேல் வருகிறது. நாலாபுறமும் திறந்திருப்பதால் எரிய உதவும் காற்றைவிடத் தீயைக் குளிரவைக்கும் காற்றே அதிகம். காற்று வேண்டும், அதுவும் வேண்டிய இடத்தில், வேண்டிய அளவு வேண்டும்.

ஓர் அண்டா வெந்நீர்

இனி ஒரு கணக்கு. தமிழ்நாட்டில் பல வீடுகளில் சமையல் கேஸுக்கு மாறிய பிறகும் கொல்லையில் வெந்நீர் அடுப்பு இருக்கிறது. அதையே எடுத்துக்கொள்வோம்.

அண்டாவில் 10 லிட்டர் தண்ணீர். குழாயில் பிடித்தபோது 28 டிகிரி. 78 டிகிரி வரை சூடாக்கி, பச்சைத் தண்ணீர் கலந்து குளிக்கப்போகிறோம். ஒரு லிட்டர் தண்ணீரை ஒரு டிகிரி சூடாக்க ஒரு கிலோகலோரி வேண்டும். பத்து லிட்டர், ஐம்பது டிகிரி என்றால் 500 கிலோகலோரி. நிழலில் நன்றாக உலர்ந்த ஒரு கிலோ விறகில் ஏறத்தாழ 3,600 கிலோகலோரி இருக்கிறது. வகுத்துப் பார்த்தால் நமக்குத் தேவை 140 கிராம் விறகு! சவுக்கு என்றால் ஒரு சாண் நீளத்தில், கட்டைவிரலைவிடச் சற்றுத் தடித்த ஒரே ஒரு குச்சி.

ஒரு குச்சியை வைத்துக்கொண்டு யாரும் வெந்நீர் போட்டதில்லை. திறந்த அடுப்பில் இதற்கு ஒரு கிலோவுக்குக் குறையாமல் பிடிக்கும். 3,600இல் 500 போக 3,100 கிலோகலோரி எங்கோ போய்விட்டது. எங்கே?

'புகையாகப் போயிற்று' என்றுதான் உடனே சொல்லத் தோன்றும். அது தவறு. கண்ணை மறைக்கும் புகையோடு கண்ணுக்குத் தெரியாத கார்பன் மோனாக்சைடையும் சேர்த்தாலும், எரியாமல் தப்பும் பகுதி பொதுவாகப் பத்தில் ஒரு பங்கு அளவுதான். ஓரளவு காய்ந்த விறகைத் திறந்த அடுப்பில் எரித்தாலும் அதன் சூட்டில் பத்தில் ஒன்பது பங்கு வெளிப்பட்டுவிடுகிறது. வெளிப்பட்ட சூடு அண்டாவில் இறங்கவில்லை, அவ்வளவே. சூடான காற்று அண்டாவை உரசாமல் பக்கவாட்டில் ஓடிவிட்டது. மீதி மண்ணையும் கல்லையும் எதிரில் உட்கார்ந்திருந்தவரின் முகத்தையும் சூடாக்கியது.

இந்த 3,100 கிலோகலோரியை நம் முன்னோர் விட்டுவைக்கவில்லை. கொடி அடுப்பைப் பாருங்கள். முதல் அடுப்பில் சோறு வேகும்போது, அதைத் தாண்டி ஓடும் வெக்கை பக்கத்துக் குழிக்குள் நுழைந்து குழம்பைச் சூடாக வைத்திருக்கும். தனி விறகு கிடையாது. தப்பி ஓடும் சூட்டை மறித்து இரண்டாவது பானைக்கு வேலை வாங்கிய நல்ல பொறியியல் அது.

மிச்சம் வேறு, சுத்தம் வேறு

இந்த அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் நினைவில் வைத்துக்கொள்வதென்றால் இதை வைத்துக்கொள்ளுங்கள்: விறகு மிச்சமாவதும் புகை குறைவதும் இரண்டு தனித்தனி வேலைகள். ஒன்றைச் செய்யும் அடுப்பு மற்றொன்றைச் செய்ய வேண்டும் என்ற கட்டாயம் இல்லை.

சூட்டை அண்டாவில் இறக்கினால் விறகு மிச்சம். விறகுவாயுவை எரித்து முடித்தால் புகை குறைவு. சிக்கனத்துக்காக அண்டாவைத் தீக்கு மிக அருகில் இறக்கினால் என்ன ஆகும்? சூடு நன்றாக இறங்கும், விறகு குறையும். ஆனால் தீ நாக்கு குளிர்ந்த அடியில் மோதி அணைந்து புகை கூடும். விறகைச் சேமிக்க வந்த பழைய 'மேம்பட்ட' அடுப்புகள் சில இந்த வலையில்தான் விழுந்தன. காடு தப்பியது, கண் தப்பவில்லை.

இரண்டையும் ஒருசேரச் சாதிக்கும் எளிய அமைப்பை 1980களில் அமெரிக்காவின் ஆரிகன் மாநிலத்தைச் சேர்ந்த லாரி வினியார்ஸ்கி வகுத்தார். இன்று நம் ஊரிலும் 'ராக்கெட் அடுப்பு' என்று விற்கிறார்கள். முழங்கைபோல் வளைந்த குழாய்தான் அதன் எரியறை. கீழ்வாயில் ஒரு தட்டு. தட்டின்மேல் விறகு, தட்டின் கீழ் காற்று. விறகின் நுனி மட்டும் எரியும், எரிய எரிய உள்ளே தள்ள வேண்டும். நுனிக்கு மேலே ஒரு முழத்துக்குக் கொஞ்சம் குறைவான உயரத்துக்குச் செங்குத்துக் குழல். தீ நாக்கு எரிந்து முடிக்கத் தேவையான இடம் அது. சுற்றிலும் சூட்டைக் கடத்தாத இலேசான பொருள் அடைத்திருப்பதால் உள்ளே சூடு குறையாது. குழலைவிட்டு வெளியே வரும் வெக்கை எரிந்து முடித்த சுத்தமான காற்று; அதை ஒரு தகர வளையத்தால் அண்டாவின் விலாவோடு ஒட்டி ஓட வைத்தால் சூடும் இறங்கிவிடும். முதலில் எரித்து முடி, பிறகு சூட்டை வாங்கு: வேலைகள் இந்த வரிசையில் நடக்கின்றன.

'இலேசான பொருள்' என்றேனே, அதில் பலர் ஏமாறுகிறார்கள். கனமான மண்சுவர் சூட்டைப் பிடித்து வைக்கும் என்பது பரவலான நம்பிக்கை. பிடித்து வைக்கும்தான், அண்டாவுக்குப் போக வேண்டிய சூட்டைத் தானே குடித்துவிடும். அரை மணி நேர வெந்நீருக்கு மூட்டும் அடுப்பில் தடித்த மண்சுவர் சூடாகி முடிப்பதற்குள் குளியலே முடிந்துவிடும். காற்று அடைபட்ட பொருள்தான் சூட்டைத் தடுக்கும். சாம்பல், உமிச் சாம்பல், உமியோ மரத்தூளோ கலந்து சுட்ட துளைச் செங்கல் ஆகியவை அப்படிப்பட்டவை. நாள் முழுக்க எரியும் டீக்கடை அடுப்புக்கும் கல்யாணக் கோட்டை அடுப்புக்கும் இந்தக் கவலை குறைவு.

விசிறி வைத்த அடுப்பு

ஊதாங்குழலுக்கு ஓயாத மூச்சு கிடைத்தால் எப்படி இருக்கும்? சின்ன மின்விசிறி வைத்த அடுப்புகள் அந்த யோசனையில் பிறந்தவை. நல்ல ரகங்களில் காற்று இரண்டு இடங்களில் நுழையும். அடியிலிருந்து கொஞ்சம், அது விறகிலிருந்து வாயுவைக் கிளப்ப. மேல் விளிம்பில் வரிசையாக உள்ள துளைகள் வழியே நிறைய. அது கிளம்பிய வாயுவை எரிக்க. சிறு துண்டுகளை டப்பா நிறைய அடைத்து மேலிருந்து பற்றவைப்பார்கள். தீ கீழ்நோக்கி இறங்க, வாயு மேல்நோக்கி எழுந்து துளைகளின் ஓரத்தில் கேஸ் அடுப்பைப்போலவே எரியும். அமெரிக்கரான டாம் ரீட் 1985 வாக்கில் இந்த முறையை வளர்த்தெடுத்தார்.

புகை குறைவதில் விறகு அடுப்புகளில் இதற்கே முதலிடம். அன்றாடப் புழக்கத்தில் நிலைமை வேறு. துண்டுகள் ஒரே அளவில் இருக்க வேண்டும். நடுவில் விறகு சேர்ப்பது கடினம். பேட்டரியில் சார்ஜ் தீர்ந்தால் அடுப்பு வெறும் புகை டப்பா. பெங்களூரு இந்திய அறிவியல் கழகத்தின் ஆய்வில் உருவாகி 2000களில் சந்தைக்கு வந்த 'ஊர்ஜா' அடுப்பு லட்சக்கணக்கில் விற்றது. வேளாண் கழிவை அழுத்திச் செய்த குச்சித் துண்டுதான் அதன் எரிபொருள். அந்தத் துண்டின் விலை ஏறியதும் அடுப்பு பரணுக்குப் போனது. ஆகவே விசிறி அடுப்பு வாங்குகிறவர் அடுப்பின் விலையைக் கேட்கும் முன் எரிபொருள் எங்கே, எவ்வளவுக்குக் கிடைக்கும் என்று கேட்க வேண்டும். உங்களிடம் இருப்பது வேலியில் வெட்டிய சீமைக்கருவேலமும் தென்னை மட்டையும் என்றால், ராக்கெட் வகையே உங்களுக்குத் தோது.

கடையில் பார்க்க வேண்டியவை

விசிறி இல்லாத அடுப்பு விறகின் சூட்டில் 25 விழுக்காட்டையாவது பாத்திரத்தில் இறக்க வேண்டும், விசிறி அடுப்பு 35 விழுக்காடு இறக்க வேண்டும் என்று 2013இல் திருத்திய இந்தியத் தர நிர்ணயம் ஐஎஸ் 13152 சொல்கிறது. நம் வெந்நீர்க் கணக்கில் வைத்தால், ஒரு கிலோ எரிந்த இடத்தில் முன்னதற்கு 550 கிராம், பின்னதற்கு 400 கிராம். விசிறி இல்லாமலே தினம் 450 கிராம் மிச்சம். ஆண்டுக்கு 160 கிலோவுக்கு மேல். அடுப்பில் அந்தத் தர எண் இருக்கிறதா என்று பாருங்கள்.

எண்ணைப் பார்த்தபின் அடுப்புக்குள் கையை விட்டுப் பாருங்கள். எரியறை எதனால் ஆனது? சாதாரண இரும்புத் தகடு என்றால் தினமும் சிவக்கும் சூட்டில் செதில் செதிலாகத் துருவேறி உதிர்ந்துவிடும். துருப்பிடிக்காத எஃகோ சுடுமண்ணோ நீடிக்கும். சுடுமண் என்றால் தட்டிப்பார்த்து விரிசல் இல்லை என்று உறுதிசெய்துகொள்ளுங்கள். எரியறையைத் தனியே கழற்றி மாற்ற முடியுமா என்றும் கேளுங்கள். விறகு வைக்கும் வாய் பெரிதாக இருந்தால் வசதி என்று தோன்றும். பெரிய வாய் நிறைய விறகைத் திணிக்கத் தூண்டும்; திணித்தால் வாயு கிளம்பும் வேகத்துக்குக் காற்று ஈடுகொடுக்காது. வாய் சிறிதாக இருப்பதே நல்லது. உங்கள் வீட்டு அண்டாவையும் சட்டியையும் அதன்மேல் வைத்துக் களி கிண்டினாலும் கவிழாதா என்று பாருங்கள். ஆட்டம் காணும் அடுப்பு எவ்வளவு சுத்தமாக எரிந்தாலும் அந்த வீட்டில் நிலைக்காது.

முடிந்தால் பற்றவைத்துக் காட்டச் சொல்லுங்கள். முதல் இரண்டு மூன்று நிமிடம் புகை வரும், அதைக் குற்றம் சொல்லக் கூடாது. ஐந்து நிமிடம் கழித்தும் கண்ணுக்குப் புகை தெரிந்தால், அல்லது தீ நாக்கு விறகு வைக்கும் வாய் வழியாக வெளியே எட்டிப் பார்த்தால், வேறு அடுப்பு பாருங்கள்.

ஈர விறகின் இரட்டைத் தண்டனை

எந்த அடுப்பையும் தோற்கடிக்க ஈர விறகு போதும். இப்போதுதான் வெட்டிய பச்சை மரத்தில் எடையில் பாதி வரை தண்ணீர் இருக்கும். ஒரு கிலோ வாங்கினால் அரைக் கிலோதான் விறகு. அதில் சுமார் 2,150 கிலோகலோரி. மீதி அரைக் கிலோ தண்ணீரை ஆவியாக்க 300 கிலோகலோரி போய்விடும். இழப்பு ஏழில் ஒரு பங்குதானே என்று தோன்றலாம். பெரிய கேடு அடுத்தது. நீராவி எரியறையின் சூட்டை 600 டிகிரிக்கு ஏறவிடாமல் அமுக்குகிறது. கட்டையின் காய்ந்த வெளிப்புறம் வாயு விடும். அந்த வாயுவைப் பற்றவைக்கும் சூடு இருக்காது. விளைவு, புகை.

காய்ந்த விறகைக் கண்டுபிடிப்பது எளிது. இரண்டு கட்டையை மோதினால் 'டங்' என்று கேட்க வேண்டும். 'தொப்' என்றால் ஈரம். வெட்டுமுனையில் நட்சத்திரம்போல் வெடிப்பு ஓடியிருக்கும், பட்டை தானாகக் கழன்று வரும். சந்தேகமானால் ஒரு கட்டையை எடை போட்டுக் குறித்துவைத்து, வாரம் ஒருமுறை மறுபடி போடுங்கள். எடை குறைவது நின்றால் காய்ந்துவிட்டது.

காயவைப்பதில் ஒரு நுட்பம் உண்டு. மரத்தின் ஈரம் பட்டை வழியாகச் சுலபத்தில் போகாது. முழு உருட்டுக்கட்டை மாதக்கணக்கில் வெயிலில் கிடந்தாலும் உள்ளே ஈரமாகவே இருக்கும். பிளந்துதான் அடுக்க வேண்டும். தரையில் நேராகப் போடாமல் இரண்டு வரிசைக் கல்லின்மேல், காற்று ஓட இடம் விட்டு அடுக்கி, மேலே மட்டும் மூடுங்கள். தார்ப்பாயால் நாலு பக்கமும் போர்த்தினால் விறகு உள்ளேயே வியர்க்கும்.

பற்றவைக்கப் பாலிதீன் பையையும் சைக்கிள் டியூப் துண்டையும் போடும் வழக்கத்தை விட்டுவிட வேண்டும். பெயின்ட் அடித்த பழைய சன்னல் சட்டமும் பிளைவுட் துண்டும் அடுப்புக்கு ஆகாது. அவற்றின் புகையில் இருக்கும் நஞ்சு விறகுப் புகையில் இல்லாத வகை. பனை ஓலை, தேங்காய் நார், கொட்டாங்கச்சி ஆகியவை போதாதா?

முதல் ஆண்டுக்குப் பிறகு

இந்திய அரசு 1983இல் தொடங்கி 2002 வரை நடத்திய மேம்பட்ட அடுப்புத் திட்டத்தில் மூன்று கோடிக்கும் மேற்பட்ட அடுப்புகள் கட்டித் தரப்பட்டன. அவற்றில் எத்தனையைப் பிறகு யாராவது பழுதுபார்த்தார்கள்? ரேமா ஹன்னாவும் மைக்கேல் கிரீன்ஸ்டோனும் பிற்காலத்தில் நோபல் பரிசு பெற்ற எஸ்தர் டுஃப்லோவும் ஒடிசாவில் புகைபோக்கி வைத்த அடுப்புகளை நான்கு ஆண்டுகள்வரை தொடர்ந்து கவனித்தார்கள். முதல் ஆண்டில் பெண்கள் சுவாசித்த புகை குறைந்தது. அதன்பின் பலன் மறைந்துவிட்டது. அடுப்பில் விரிசல், குழாயில் அடைப்பு, பழுது பார்க்க ஆளில்லை. மெல்ல மெல்லப் பழைய அடுப்புக்கே திரும்பிவிட்டார்கள். பரிசோதனைக்கூடத்தில் வாங்கிய மதிப்பெண் வீட்டில் நிலைக்க, துடைப்பமும் சேற்று மண்ணும் வேண்டும்.

தினமும் செய்ய வேண்டியது ஒன்றுதான்: சாம்பல் அள்ளுவது. ராக்கெட் அடுப்பில் தட்டின் கீழே சாம்பல் நிறைந்தால் காற்று வழி அடைபடும். அன்றைக்கே புகை கூடும். விசிறி அடுப்பில் மேல்துளைகளைக் குச்சியால் குத்திச் சுத்தம் செய்ய வேண்டும்.

மண் அடுப்பில் வாரம் ஒருமுறை பாத்திரம் உட்காரும் விளிம்பையும் உள் சுவரையும் பாருங்கள். விரிசல் வழியே வெக்கை ஒழுகினால் இழுவை கெடும். இழுவை என்பது சூடான காற்று மேலே எழும்போது கீழே புதுக்காற்றை இழுக்கும் விசை. புற்றுமண்ணோடு நறுக்கிய வைக்கோலும் சாணமும் சேர்த்துப் பிசைந்து பூசினால் போதும். வெறும் களிமண் காய்ந்ததும் மறுபடி வெடிக்கும். சிமென்ட் இந்தச் சூட்டைத் தாங்காமல் உதிரும்.

புகைபோக்கி உள்ள அடுப்பில் மாதம் ஒருமுறை குழாயைத் தட்டிக் கரியை உதிர்க்க வேண்டும். ஈர விறகு எரித்த வீடுகளில் குழாயின் உட்புறம் தார் பூசினாற்போல் பளபளக்கும். அந்தத் தார் தீப்பிடிக்கக் கூடியது. குழாய் செங்குத்தாகப் போக வேண்டும், வளைவு எவ்வளவு குறைகிறதோ அவ்வளவு நல்லது. கூரையைவிட உயர்ந்து நிற்க வேண்டும். மழைக்கு மேலே தொப்பி வேண்டும். ஓலைக் கூரை என்றால் குழாய்க்கும் ஓலைக்கும் நடுவில் தகடும் இடைவெளியும் கட்டாயம். ஒன்றை மறக்க வேண்டாம்: புகைபோக்கி புகையை எரிப்பதில்லை, இடம் மாற்றுகிறது. தெருவில் எல்லா வீட்டிலும் புகைபோக்கி இருந்தால் எல்லார் வீட்டுப் புகையும் எல்லார் சன்னலிலும் நுழையும்.

எவ்வளவு சுத்தம் போதும்?

இதுவரை அடுப்பைப் புகழ்ந்ததற்கு ஈடாக ஒரு கசப்பான கணக்கு. திறந்த அடுப்பில் ஒரு கிலோ விறகு எரிந்தால் சில கிராம் நுண்துகள் வெளியேறும். ஐந்து கிராம் என்று வைத்துக்கொள்வோம். ஒரு நாளின் சராசரியாக ஒரு கன மீட்டர் காற்றில் 15 மைக்ரோகிராமுக்கு மேல் நுண்துகள் இருக்கக் கூடாது என்பது உலக சுகாதார நிறுவனத்தின் 2021 வரம்பு. ஐந்து கிராமை அந்த அளவுக்கு நீர்க்கச் செய்ய மூன்று லட்சத்து முப்பதாயிரம் கன மீட்டர் காற்று வேண்டும். நீளம், அகலம், உயரம் மூன்றும் பத்தடி உள்ள அடுப்பங்கரைகள் ஏறத்தாழ 12,000! ஓர் அண்டா வெந்நீருக்கு.

ஐஎஸ் 13152 அனுமதிக்கும் உச்சவரம்பை இதே வெந்நீருக்குக் கணக்கிட்டால் விசிறி இல்லாத அடுப்பில் முக்கால் கிராமுக்குச் சற்றுக் குறைவு, விசிறி அடுப்பில் 0.3 கிராம். பெரிய முன்னேற்றம்தான். ஆனாலும் விசிறி அடுப்புக்கே 700 அடுப்பங்கரைக் காற்று வேண்டும். மலாவி நாட்டில் விசிறி அடுப்புகளைக் கொடுத்துப் பார்த்த பெரிய ஆய்வு 2017இல் லான்செட் இதழில் வந்தது. ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளின் நிமோனியா குறையவில்லை. புகையில் ஒரு பகுதியைக் குறைத்தால் நோயும் அதே அளவு குறையும் என்று உடல் ஒப்பந்தம் போட்டுக்கொள்வதில்லை.

கேஸ் எவ்வளவு மாற்றும்? நான்கு நாடுகளில் 3,200 கர்ப்பிணிகளிடம் நடந்த ஆய்வின் இந்தியப் பகுதி விழுப்புரம், நாகப்பட்டினம் மாவட்டங்களில் நடந்தது. சென்னை ஸ்ரீ ராமச்சந்திரா நிறுவனத்தின் கல்பனா பாலகிருஷ்ணன் அதை முன்னின்று நடத்தியவர்களில் ஒருவர். நான்கு நாடுகளையும் சேர்த்துப் பார்த்தால், விறகிலேயே சமைத்தவர்கள் சுவாசித்த காற்றில் நுண்துகள் கன மீட்டருக்கு 70 மைக்ரோகிராம் அளவில் இருந்தது; கேஸுக்கு மாறியவர்களுக்கு 24. பிறந்த குழந்தைகளின் எடையில் மட்டும் எதிர்பார்த்த வேறுபாடு கிடைக்கவில்லை என்பதையும் அந்த ஆய்வு 2022இல் மறைக்காமல் எழுதியது.

என் தீர்ப்பு இது. சமையலுக்கு கேஸோ மின் அடுப்போ கட்டுப்படியாகும் வீட்டில் விறகைச் சமையலறைக்குள் கொண்டுவர வேண்டாம். வெந்நீர், நெல் அவித்தல், மாட்டுக்குக் கஞ்சி ஆகியவற்றுக்கு விறகுதான் என்றால் ராக்கெட் வகை அடுப்பை வாங்கி, சுவர் இல்லாத தாழ்வாரத்திலோ கொல்லைக் கொட்டகையிலோ வையுங்கள். விறகில் சமைப்பதைத் தவிர வழியில்லாத வீடுகளுக்கு நல்ல அடுப்போடு புகைபோக்கியும் எதிரெதிர் சன்னலும் சேர்த்தே வேண்டும். தீ எரியும்போது கைக்குழந்தையை இடுப்பில் வைத்துக்கொண்டு அடுப்பருகே உட்காராதீர்கள்.

அடுப்பை எப்போது வேண்டுமானாலும் வாங்கலாம். விறகுக்கு அப்படி இல்லை. ஐப்பசி மழையில் எரிக்க வேண்டிய விறகை மாசி, பங்குனியிலேயே பிளந்து அடுக்கிவிடுங்கள்.